பிடிக்கிற இடத்தில் இரண்டு செக்கன்: கிளச்சும் கியரும்

கேள்வி இதுதான்: ஓட்டோ கியர் ஹைபிரிட் காரில் பழகிய ஒருவர் இப்போது சுசுகி அல்ட்டோ 800 எடுத்திருக்கிறார். ரயில் கடவை ஏற்றத்தில் எஞ்சின் நூர்ந்து போகிறது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது காருக்குள் இருப்பவர்களின் தலை முன்னும் பின்னும் ஆடுகிறது. றிவேர்ஸ் போட்டால் கியர் கத்துகிறது. யாழ்ப்பாணம் ரவுணுக்குள் நெரிசலில் எரிந்த மணம் வருகிறது. கார் பிழையா, தன் கால் பிழையா என்று கேட்கிறார்.

பெரும்பாலும் கால்தான். நூர்வதற்கும் எரிந்த மணத்துக்கும் காரணம் ஒன்றே: கிளச் மிதி அரைவாசியில் நிற்க வேண்டிய நேரத்தில் அங்கே நிற்பதில்லை, நிற்கக் கூடாத நேரத்தில் நிற்கிறது. தலை ஆட்டத்துக்கும் றிவேர்ஸ் சத்தத்துக்கும் பிறகு வருகிறேன். இதைத் திருத்த, மிதிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

எஞ்சினோடு எப்போதும் சேர்ந்து சுற்றுவது ஃபிளைவீல். அதற்கும் பிறஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளச் பிளேட் இருக்கிறது. கிளச் பிளேட்டின் நடுப்பகுதி கியர்பெட்டியின் தண்டில் கோர்த்திருக்கும். கால் மிதியில் இல்லாதபோது பிறஷர் பிளேட்டின் வில் கிளச் பிளேட்டை ஃபிளைவீலோடு இறுக்கிப் பிடிக்கும். எஞ்சினும் கியர்பெட்டியும் ஒன்றாகச் சுற்றும். மிதித்தால் றிலீஸ் பெயாரிங் அந்த வில்லைத் தள்ளும், பிடி விடும். முழுக்க மேலே இருந்தால் பிளேட் வழுக்காது, முழுக்கக் கீழே இருந்தாலும் பிளேட்டில் உரசல் இல்லை. சூடும் தேய்வும் மணமும் வருவது இரண்டுக்கும் நடுவில், ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றிக்கொண்டு உரசும்போது. ஆனால் நின்ற காரை நகர்த்த அந்த உரசல் கட்டாயம் வேண்டும். சும்மா நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 800, 900 தரம் சுற்றும், அதிலிருந்து அதிகம் இறங்கினால் நூர்ந்துவிடும், சில்லோ பூச்சியத்தில் நிற்கிறது. இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் அரைக் கிளச். அந்த வேலை முடிந்ததும் கால் அங்கே இருக்கக் கூடாது.

முதலில் இருக்கை. கிளச்சை அடிவரை மிதித்தபோதும் இடது முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்க வேண்டும். கால் நீண்டு போனால் நுனிவிரலால்தான் மிதிப்பீர்கள், மெல்ல விட முடியாது. மிதிப்பது பாதத்தின் முன்பகுதியால். றப்பர்ச் செருப்போடு ஓட வேண்டாம். அது மிதிக்கு அடியில் மடங்கும், மழை நாளில் வழுக்கும். இறுக்கமான சப்பாத்து நல்லது.

இனிப் பிடிக்கிற இடத்தைக் கால் அறிய வேண்டும். முற்றவெளி போலச் சமமான, ஆள் நடமாட்டம் குறைந்த வெறுந்தரைக்குக் காலையில் போங்கள். எஞ்சின் சூடாகட்டும், ஏசியை நிறுத்துங்கள். 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு ஏசி கொம்பிறசர் சிறிய சுமை அல்ல. கிளச்சை முழுக்க மிதித்து ஒன்றாம் கியர் போடுங்கள். வலது கால் அக்சிலேற்றரைத் தொடவே வேண்டாம். கிளச்சை மிக மெல்ல மேலே விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் சற்றுத் தணியும், காரின் மூக்கு இலேசாக நிமிரும், கார் தானாக உருளத் தொடங்கும். அந்த இடத்தில் காலை அசைக்காமல் வைத்திருங்கள். நடக்கிற வேகம் வந்த பிறகே மீதியை மெல்ல விடுங்கள். பிறகு கிளச்சை மிதித்து, பிறேக் பிடித்து, நின்று, திரும்பவும் அதையே செய்யுங்கள். அக்சிலேற்றர் இல்லாமல் பத்துத் தரம் தொடர்ந்து நூராமல் நகர்த்தினால் கால் அந்த இடத்தை அறிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்தடுத்து அதிகம் செய்ய வேண்டாம், பிளேட் சூடாகும். நடுவில் கொஞ்சத் தூரம் ஓடிவிட்டு வாருங்கள்.

புதிதாகப் பழகுகிறவர்கள் நூர்த்துவது எப்போது என்று கவனித்தால், கார் நகரத் தொடங்கிய அந்த நொடியில்தான். நகர்ந்துவிட்டது, வேலை முடிந்தது என்று கால் தன்பாட்டில் எழும்பிவிடுகிறது. உண்மையில் வேலை அப்போதுதான் தொடங்குகிறது. பிடித்த இடத்தில் ஒன்று, இரண்டு செக்கன் நின்றால் சில்லின் வேகம் எஞ்சினின் வேகத்தை எட்டும். அதன் பிறகு காலை எடுத்தால் ஒரு குலுக்கமும் இராது. முழுக் கலையும் இந்த இரண்டு செக்கனில் இருக்கிறது, கியர் மாற்றுவதெல்லாம் அதைவிட இலகு.

றோட்டில் வெளிக்கிடும்போது இதோடு கொஞ்சம் அக்சிலேற்றர் சேரும். சமதரையில் 1200 முதல் 1500 சுற்றுப் போதும். சுற்றுமானி இல்லாத காரில் காதால் அளக்க வேண்டியதுதான்: சும்மா நிற்கும்போது வரும் சத்தத்தைவிட ஒரு படி உயர்ந்த, சீரான சத்தம். எஞ்சின் அலறினால் அது அளவுக்கு அதிகம். அந்த அலறல் முழுவதும் பிளேட்டில் சூடாகத்தான் இறங்கும்.

யாழ்ப்பாணம் சமதரை. அதனால் இங்கே பழகுகிறவர்களுக்கு ஏற்றத்தில் வெளிக்கிடத் தெரியாமலே லைசென்ஸ் கிடைத்துவிடுகிறது. நமக்கு இருக்கிற ஏற்றம் ரயில் கடவைகளும் பாலங்களும்தான். காங்கேசன்துறைப் பாதையை ஒட்டி கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம் பக்கம் கடவையில் தண்டவாளம் றோட்டை விட உயர்ந்து நிற்கும் இடங்களில் அந்தக் குறுகிய சரிவு போதும் எஞ்சினை நூர்க்க. அங்கே காலால் பிறேக் பிடித்துக்கொண்டு, பிறகு அந்தக் காலை அவசரமாக அக்சிலேற்றருக்கு மாற்றினால் கார் பின்னுக்கு உருளும், பயத்தில் கிளச்சைச் சட்டென்று விடுவீர்கள், நூரும். ஹாண்ட் பிறேக்கைப் பாவியுங்கள். ஹாண்ட் பிறேக் இழுத்தபடி ஒன்றாம் கியர், அக்சிலேற்றர் சமதரையை விடக் கொஞ்சம் கூட, 1800 வரை. கிளச்சைப் பிடிக்கிற இடத்துக்குக் கொண்டுவாருங்கள். சத்தம் தணிந்து மூக்கு நிமிர்ந்ததும் இடது காலை அப்படியே வைத்துக்கொண்டு ஹாண்ட் பிறேக்கை இறக்குங்கள். கார் பின்னுக்குப் போகாது. அதற்குப் பிறகும் அதே இரண்டு செக்கன் விதி.

கடவையைப் பற்றி இன்னும் இரண்டு விஷயம். எதிர்ப்பக்கத்தில் உங்கள் காருக்கு இடம் இருக்கிறது என்று கண்டபிறகே தண்டவாளத்தில் ஏறுங்கள். ஏறும்போது போட்ட கியரிலேயே கடந்து முடியுங்கள். தண்டவாளத்தின் மேல் கியர் மாற்றும் பழக்கம் வேண்டாம், அங்கே கியர் தவறினால் நிற்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். நின்று, எஞ்சினும் பிடிக்காவிட்டால் முதலில் எல்லோரையும் இறக்குங்கள். ரயில் வருகிற அறிகுறி இல்லை என்றால் மட்டும் ஒன்று செய்யலாம்: கிளச்சை மிதித்தால்தான் ஸ்ரார்ட் ஆகும் என்ற பூட்டு இல்லாத கார்களில், ஒன்றாம் கியரில் கிளச்சை முழுக்க விட்டபடி சாவியைத் திருப்பிப் பிடித்தால் ஸ்ராட்டர் மோட்டரே காரைச் சில மீற்றர் இழுத்துச் செல்லும். பற்றரி நல்லதாக இருக்க வேண்டும்.

இனி ஒன்றிலிருந்து இரண்டுக்கு. தலை ஆட்டம் இரண்டு இடத்தில் பிறக்கிறது. அக்சிலேற்றரை முதலில் விட்டு, கிளச்சைப் பிந்தி மிதித்தால் எஞ்சின் காரைப் பிடித்து இழுக்கும். தலை முன்னே போகும். இரண்டு காலும் ஒரே நேரத்தில் அசைய வேண்டும், வலது கால் மேலே, இடது கால் கீழே. மற்றது, புதிய கியரில் கிளச்சை விடும்போது எஞ்சின் சுற்று இன்னும் இறங்காமல் இருப்பது. ஒன்றாம் கியரின் விகிதம் சுமார் மூன்றரை, இரண்டாவது சுமார் இரண்டு என்று வையுங்கள். ஒன்றில் 3000 சுற்றில் ஓடிய கார் அதே வேகத்தில் இரண்டாம் கியரில் 1700 சுற்றைத்தான் கேட்கும். அக்சிலேற்றரை விட்டதும் எஞ்சின் அந்த அளவுக்கு இறங்கக் கொஞ்ச நேரம் வேண்டும். அதற்கு முன் கிளச்சை விட்டால் கார் முன்னே பாயும். கனநேரம் காத்திருந்தால் சுற்று மிக இறங்கி, விடும்போது கார் பின்னே இழுக்கும். எனவே கியர் தடியை வெட்டி இழுக்காமல், நியூற்றலில் ஒரு சின்ன நிறுத்தம் கொடுத்துப் போடுங்கள். அந்த நிறுத்தம்தான் சுற்று இறங்குகிற நேரம். கியர் விழுமுன் சுற்றும் வேகத்தைச் சமப்படுத்த கியர்பெட்டிக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையங்களுக்கும் அது நல்லது. மேல்கியர்களில் விகித இடைவெளி சிறிது, அங்கே இவ்வளவு கவனம் வேண்டியதில்லை.

தடியை முஷ்டியால் பொத்திப் பிடிக்காதீர்கள். நமக்கு வலப்பக்க ஸ்ரியறிங், இடது கை கியர். ஒன்று, இரண்டு போடும்போது உள்ளங்கை பயணி இருக்கையைப் பார்த்தபடி தடியை உங்களிடமிருந்து தள்ளி வைத்துக்கொண்டு மாற்றுங்கள். இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது முன்னே தள்ளினால் போதும். நியூற்றலில் தடி தன்பாட்டில் நடுவுக்கு வரும், ஏனென்றால் உள்ளே இருக்கும் வில் அதை மூன்று, நாலு வரிசைக்கே தள்ளுகிறது. வலப்பக்கம் இழுத்தால் ஐந்துக்குப் போகும், இடப்பக்கம் அமர்த்தினால் திரும்ப ஒன்றுக்குப் போகும். நல்ல வேகத்தில் தவறி ஒன்றில் விழுத்திக் கிளச்சை விட்டால் எஞ்சின் தாங்கக் கூடியதை விட வேகமாகச் சுற்றும், வால்வு வளையவும் கூடும். ஐந்து போட மட்டும் உள்ளங்கை உங்களைப் பார்த்தபடி தடியை உங்கள் பக்கம் இழுங்கள்.

எந்த வேகத்தில் மாற்றுவது? இப்படியான சிறிய காருக்குச் சமதரையில் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோமீற்றரில் இரண்டு, 30 இல் மூன்று, 45 இல் நாலு, 55 தாண்டி ஐந்து. ஐந்து பேரோடும் ஏசியோடும் போனால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் பிந்திப் போடுங்கள். பெற்றோல் மிச்சம் பிடிக்க 40 இல் ஐந்து போடுகிறவர்கள் நிறையப் பேர். அக்சிலேற்றரை அமத்தும்போது கார் நடுங்கினால் எஞ்சின் இழுக்க முடியாமல் தவிக்கிறது; அப்போது மிச்சமும் இல்லை, எஞ்சின் மவுண்டும் பெயாரிங்கும் அடி வாங்கும். ஊர்மனைக்குள் 50 தான் எல்லை, அங்கே நாலுக்கு மேல் தேவையே வராது.

வேகம் குறைக்கும்போது ஓட்டோ காரில் பழகியவர் செய்யும் பிழை, பிறேக்கோடு சேர்த்துக் கிளச்சையும் மிதிப்பது. கிளச்சை மிதித்ததும் எஞ்சினின் இழுவை போய்விடும், முழுப் பாரமும் பிறேக்கில் விழும். முதலில் பிறேக் மட்டும். எஞ்சின் நடுங்கப் போகும் தறுவாயில், நாலாம் கியரில் 25, 30 அளவில், கிளச்சை மிதியுங்கள். நிற்கப் போகிறீர்கள் என்றால் நியூற்றலுக்கு வாருங்கள். தொடர்ந்து போகப் போகிறீர்கள் என்றால் அந்த வேகத்துக்கு ஏற்ற கியரை நேரே போடுங்கள்; நாலிலிருந்து இரண்டுக்குப் போக மூன்றைத் தொட வேண்டிய கட்டாயம் இல்லை. கீழ்க்கியர் போடும்போது சுற்று ஏற வேண்டும், இறங்கக் கூடாது. அதனால் கிளச் கீழே இருக்கையில் அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கிளச்சை விட்டால் குலுக்கம் வராது.

ஒன்றாம் கியரை கார் முழுக்க நின்ற பிறகு அல்லது நடக்கும் வேகத்தில் மட்டும் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் இன்னும் ஓடுகிற மொறிஸ் மைனருக்கு ஒன்றாம் கியரில் சிங்க்ரோ வளையமே கிடையாது. அந்தக் காரை வைத்திருப்பவர்கள் ஓடிக்கொண்டே ஒன்றுக்கு இறங்க வேண்டுமானால் கிளச்சை மிதித்து நியூற்றலுக்கு வந்து, கிளச்சை விட்டு, அக்சிலேற்றரால் சுற்றை ஏற்றி, திரும்பக் கிளச்சை மிதித்து ஒன்றைப் போட வேண்டும். பழக்கம் இல்லாவிட்டால் நிறுத்திவிட்டுப் போடுவதே கியரின் பல்லுக்குப் பாதுகாப்பு.

றிவேர்ஸ் கத்துவதும் இதே சிங்க்ரோ கதைதான். பல கார்களில் றிவேர்ஸ் கியருக்குச் சிங்க்ரோ இல்லை. கிளச்சை மிதித்தாலும் கியர்பெட்டிக்குள் தண்டு இன்னும் சில செக்கன் சுற்றிக்கொண்டிருக்கும். கார் முற்றாக நின்றபின், கிளச்சை அடிவரை மிதித்து மூன்று செக்கன் பொறுத்துப் போடுங்கள். அல்லது முதலில் ஏதாவது ஒரு முன்கியரில் போட்டெடுத்துவிட்டு றிவேர்ஸ் போடுங்கள். அந்தக் கியரின் சிங்க்ரோ தண்டை நிறுத்திவிடும். இப்படியும் கத்தினால், முன்கியர்களும் இறுக்கமாக விழுந்தால், கிளச் முழுக்கப் பிரியவில்லை. அதற்குக் கீழே வருகிறேன்.

எரிந்த மணம். ஆஸ்பத்திரி வீதி, கஸ்தூரியார் வீதி, பஸ் நிலையத்தடி நெரிசலில் ஓட்டோக்களுக்கும் சைக்கிள்களுக்கும் நடுவே ஊரும்போது கிளச்சை அரைவாசியில் பிடித்துக்கொண்டு அக்சிலேற்றரால் சமாளிப்பதுதான் பிளேட்டைத் தின்கிறது. ஒன்றாம் கியரில் கிளச்சை முழுக்க விட்டு, அக்சிலேற்றர் இல்லாமலே கார் மணிக்கு 6, 7 கிலோமீற்றரில் தன்பாட்டில் ஊரும். அதை விட மெதுவாகப் போக வேண்டுமென்றால் கிளச்சை முழுக்க மிதித்து உருளவிட்டு, திரும்ப முழுக்க விடுங்கள். முன்னால் கொஞ்சம் இடம் சேரும்வரை நின்று, பிறகு ஒரே தடவையில் நகருங்கள். பின்னால் கோர்ன் அடித்தால் அடிக்கட்டும். சில செக்கனுக்கு மேல் நிற்பதென்றால் நியூற்றலும் ஹாண்ட் பிறேக்கும். மிதித்தபடி நிற்பது றிலீஸ் பெயாரிங்கை வீணே சுற்ற வைக்கும். ஓடும்போது இடது காலை மிதியின் மேல் சும்மா வைத்திருப்பது அதைவிடக் கூடாது, காலின் பாரமே வில்லைக் கொஞ்சம் தளர்த்தும். கால் தரையில், மிதிக்கு இடப்பக்கம்.

மணற்காட்டுப் பக்கம் மணலில் புதைந்தால், அரைக் கிளச்சில் உறுமி வெளியே வரப் பார்க்காதீர்கள். சில நிமிடத்தில் பிளேட் கருகிவிடும். சில்லுக்கு முன்னால் மணலை வாரி, பலகையோ தென்னோலையோ வைத்து, இரண்டாம் கியரில் மெல்ல நகர்த்துங்கள். மணம் வந்துவிட்டால் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். மாரியில் வெள்ளம் நிற்கும் ஒழுங்கைகளில் ஒன்றாம் கியரில் ஒரே சீராகப் போங்கள், நடுத்தண்ணீரில் கிளச்சை மிதிக்க வேண்டாம்.

இந்தச் சமதரைப் பழக்கத்தோடு கண்டிக்கு வெளிக்கிடுகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. ஏ9 இல் தம்புள்ளை வரை பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. அதற்கப்பால் மாத்தளைப் பக்கம்தான் மலை தொடங்கும். நுவரெலியாவுக்கோ கடுகண்ணாவைக்கோ போனால் இன்னும் கடினம். ஏறும்போது எஞ்சின் சத்தம் கனக்கத் தொடங்கும் முன்னரே கீழ்க்கியருக்கு வாருங்கள். இறங்கும்போது, ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்பட்டிருக்குமோ அதே கியர், பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று. நியூற்றலில் இறக்கினால் பெற்றோல் மிச்சம் என்பது பிழை. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்களில் கியரில் விட்டு அக்சிலேற்றரிலிருந்து காலை எடுத்தால் பெற்றோல் பாய்வதே நின்றுவிடும். நியூற்றலில்தான் எஞ்சின் தன்னை நூராமல் வைத்திருக்கக் குடிக்கும். அதைவிட முக்கியம், நீண்ட இறக்கத்தில் பிறேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பு இழக்கும். சாவியை நிறுத்தி உருளவிடுவதை நினைக்கவே வேண்டாம், பிறேக்கை இரண்டு தரம் மிதித்ததும் அதை இலகுவாக்கும் உதவி போய்விடும், மிதி கல்லாகிவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தும் கோளாறு தொடர்ந்தால் காரைப் பாருங்கள். அல்ட்டோவுக்குக் கேபிள் கிளச். மிதியைக் கையால் அமத்தினால் இறுக்கம் வருமுன் கொஞ்சத் தூரம் சும்மா போக வேண்டும். கேபிள் கிளச்சுகளில் அது பொதுவாக 15 முதல் 25 மில்லிமீற்றர், சரியான அளவு காரின் கைநூலில் இருக்கும். அந்த இடைவெளி கூடினால் கிளச் முழுக்கப் பிரியாது, கியர் கத்தும். இல்லாமலே போனால் கிளச் எப்போதும் கொஞ்சம் தளர்ந்தே இருக்கும், பிளேட் வழுக்கிச் சிலிப் அடிக்கும். இதைக் கராச்சில் நட்டைத் திருகிச் சரிசெய்ய அதிக நேரம் எடுக்காது. மிதி வர வர இறுகினால் கேபிள் உள்ளே பிரிந்துகொண்டிருக்கிறது. அறும்வரை காத்திருக்காமல் மாற்றுங்கள்.

சிலிப்பைச் சோதிக்க: வெறும் றோட்டில் நாலாம் கியரில் 45 இல் போகும்போது அக்சிலேற்றரை ஆழ அமத்துங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் முடிந்துவிட்டது, அல்லது அதில் எண்ணெய் பட்டிருக்கிறது. வெளிக்கிடும்போது மட்டும் கார் நடுங்கினால் எண்ணெய், ஃபிளைவீல் மேற்பரப்பு, எஞ்சின் மவுண்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது மட்டும் கரகரப்பு வந்தால் றிலீஸ் பெயாரிங். மிதிக்கும்போது சத்தம் நின்று, விட்டதும் வந்தால் கியர்பெட்டியின் முன் பெயாரிங்.

பிளேட் மாற்றும்போது பிறஷர் பிளேட்டையும் றிலீஸ் பெயாரிங்கையும் சேர்த்தே மாற்றுங்கள். செலவில் பெரும்பகுதி கியர்பெட்டியை இறக்கி ஏற்றுவதற்குத்தான், பெயாரிங்கை மிச்சம் பிடித்து ஆறு மாதத்தில் திரும்ப இறக்குவது நட்டம். பெட்டி கீழே இருக்கும்போது எஞ்சினின் பின் ஒயில் சீல் கசிகிறதா என்று நீங்களே நின்று பாருங்கள். கசிந்தால் புதுப் பிளேட்டும் சில மாதத்தில் நனைந்துவிடும். ஃபிளைவீலில் நீலத் திட்டுகளோ வெடிப்போ இருந்தால் லேத்தில் சீவிக்கலாம், ஆழமான வெடிப்பென்றால் மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாக, வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே விட்டுச்செல்லும் கார்களில் வருகிற ஒன்று. கடல் காற்றில் மாதக்கணக்காக நின்ற காரில் கிளச் பிளேட் துரு ஏறி ஃபிளைவீலோடு ஒட்டிவிடும். கிளச்சை முழுக்க மிதித்தாலும் எந்தக் கியரும் விழாது, எஞ்சினை நிறுத்தினால் எல்லாக் கியரும் விழும். அடையாளம் அதுதான். மிதியை ஒரு தடியால் அமத்தி முட்டுக்கொடுத்து ஓரிரவு விட்டால் சில வேளை தானாகவே பிரியும். பிரியாவிட்டால் கராச்சில் காட்டுங்கள். முன்னால் ஆளில்லாத வெளியில் எஞ்சினைச் சூடாக்கி, கியரில் ஸ்ரார்ட் செய்து, கிளச்சை மிதித்தபடி அக்சிலேற்றரைத் தட்டித் தட்டி விடுவிப்பார்கள். காரைப் பார்த்துக்கொள்ளும் உறவினரிடம் சாவியைக் கொடுக்கும்போது, கிழமைக்கு ஒரு தரம் ஸ்ரார்ட் செய்வதோடு நிறுத்தாமல் கிளச்சை நாலைந்து தரம் மிதித்து ஒழுங்கைக்குள் முன்னும் பின்னும் நகர்த்திவிடச் சொல்லுங்கள்.